பறப்பதைச் சுட ஒரு பழைய இரட்டைக்குழல்

முதலில் என் துவக்கை, அதாவது துப்பாக்கியை, பற்றிச் சொல்லிவிடுகிறேன். பர்மிங்ஹாமில் செய்த பன்னிரண்டு போர் (போர் என்பது குழல் வாயின் அளவு). இரண்டு குழலும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் பழைய பாணி. பொக்ஸ்லொக், அதாவது சுடும் பொறி பெட்டி மாதிரிப் பூட்டுக்குள் அடங்கிய வகை, விசை இரண்டு, குழல் நீளம் 28 அங்குலம். எடை ஆறரை இறாத்தல், கிலோவில் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. வலது குழலில் கால் சோக் (சோக் என்பது வாய்ப்பக்கம் குழல் ஒடுங்குகிற அளவு), இடதில் முக்கால். இலங்கை மலைநாட்டில் டிக்கோயாப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் பல காலம் இருந்தது. அந்தத் தோட்டத்தை நடத்திய துரை ஓய்வு பெற்றுக் கண்டிக்குப் போனபோது, லைசன்ஸ் உள்ள வியாபாரி ஒருவர் மூலம், விளையாட்டுச் சூட்டுக்கான அனுமதியில் என் பெயருக்கு மாறியது. செய்த கம்பனியின் பெயரைப் போடவில்லை. குறைகளையும் எழுதப் போகிறேன். அவற்றில் எது கம்பனியின் வேலை, எது நடுவில் கைவைத்தவர்களின் வேலை என்று பிரிக்க முடியாத அளவுக்கு இதற்கு வயதாகிவிட்டது.

நான் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், டீமேக்கர். லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் மலையிறங்கிப் போய்க் கழகத்து மைதானத்தில் மண்புறா சுடுகிறேன். கீலும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்த்து அச்சில் வார்த்த தட்டு அது. அகலம் 11 சென்ரிமீட்டர், எடை 105 கிராம். இயந்திரம் அதை வானத்தில் எறியும், நாம் சுட வேண்டும். தோட்டாவுக்குள் இருக்கிற சிறு ஈயக் குண்டுகள் பட்டால் தட்டு தூளாகிப் போகும். ஒரு காலத்தில் இந்த விளையாட்டுக்கு உயிருள்ள புறாக்களைத்தான் கூண்டிலிருந்து விட்டார்கள். அந்த வழக்கம் பெரும்பாலும் போனது நல்லது.

இப்போது எழுதக் காரணம் என் மனைவியின் தம்பி. டெக்சாஸில் வேலை. அங்கே செப்டெம்பர் முதலாம் திகதி புறா வேட்டை தொடங்குகிறது. கூட வேலை செய்பவர்கள் கூப்பிட்டார்கள் என்று போன் எடுத்தார். "மச்சான், எந்தத் துவக்கு வாங்கட்டும்? எனக்கு ஒண்ணும் படமாட்டேங்குதே, என்ன செய்யுறது?" இந்த இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, துவக்கு உங்கள் உடம்புக்குச் சரியாக இருக்கிறதா என்பதில். அவருக்குப் போனில் சொன்னதையும், அப்புறம் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நம் மலைநாட்டில் புறாவின் மேல் துவக்கை நீட்டுகிற யோசனையே வேண்டாம். ஹோர்ட்டன் சமவெளியிலும் மேட்டுக் காடுகளிலும் வாழ்கிற காட்டுப்புறா, கழுத்தில் சதுரங்கக் கட்டம் போட்டது, உலகத்தில் இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லை. 1847 முதல் 1850 வரை ஆளுநராக இருந்த டொரிங்டன் பிரபுவின் பெயரை அதன் விஞ்ஞானப் பெயரில் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரு ஈட்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். காட்டுப் பழங்களை நம்பி ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போய்க்கொண்டிருக்கிற பறவை. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதைக் காக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நாம் காக்க வேண்டிய உயிர் அது. தேயிலை மலையில் கூவித் திரிகிற மணிப்புறாவையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

டெக்சாஸ் புறாவின் கதை வேறு. அது ஒரு ஈட்டுக்கு இரண்டு முட்டையாக வருடத்தில் பல ஈடு எடுக்கும். கோடிக்கணக்கில் இருக்கிறது. அரசாங்கம் ஒவ்வொரு வருடமும் கணக்குப் பார்த்து, ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 என்று எல்லை போட்டுத்தான் அனுமதிக்கிறது. துவக்கில் மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளாதபடி அடைப்பு வைக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. இரட்டைக்குழலுக்கு அந்த வேலையே இல்லை.

சரி, துவக்குக்கு வருகிறேன்.

பழைய துவக்கு ஒன்றை வாங்கப் போனால் முதலில் அழகைப் பார்க்காதீர்கள். செதுக்கு வேலையும் வால்நட் கட்டையின் ரேகையும் ஆளை மயக்கும். நான் கடையில் செய்ததைச் சொல்கிறேன். முதலில் குழல்களைத் தனியாகக் கழற்றி, அடியில் உள்ள கொக்கியில் ஒரு விரலை மாட்டித் தொங்கவிட்டு, விரல் முட்டியால் மெல்லத் தட்டினேன். கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகு வருகிற ரீங்காரம் வந்தது. அப்படி வந்தால் இரண்டு குழலையும் இணைக்கிற பட்டி விட்டுப் போகவில்லை. மந்தமாக 'டப்' என்று கேட்டால் அந்தத் துவக்கை மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அப்புறம் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தேன். உள்சுவரில் விழுகிற வெளிச்ச வளையங்கள் வட்டமாக இருக்க வேண்டும், எங்காவது நெளிந்தால் அங்கே நசுங்கல். கடைசியாக முன்கட்டையைக் கழற்றிவிட்டுப் பூட்டிய நிலையில் பிடங்கை, அதாவது தோளில் வைக்கிற பின்கட்டையை, பிடித்து ஆட்டினேன். ஆட்டம் இல்லை.

குழலின் அடிப்பக்கத் தட்டையில் பரிசோதனை முத்திரைகள் இருக்கும். பர்மிங்ஹாம் பரிசோதனைச் சாலை 1813ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்தது. அங்கே ஒவ்வொரு குழலையும் மிகையான வெடிமருந்து போட்டு வெடித்துப் பார்த்த பிறகுதான் கிரீட முத்திரை குத்துவார்கள். என் துவக்கில் கிரீடமும் அதன் கீழ் பி.என்.பி. என்ற எழுத்துகளும் இருக்கின்றன. புகையில்லா மருந்துக்குத் தேறியது என்று அர்த்தம். பக்கத்தில் 2½ அங்குலம் என்ற அடையாளம்.

இந்த இரண்டரை அங்குலத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இதைத் தெரியாமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. தோட்டா உட்காருகிற அறையின் நீளம் அது, 65 மில்லிமீட்டர். இப்போது சாதாரணமாகக் கிடைக்கிற தோட்டா 70 மில்லிமீட்டர். தோட்டாப் பெட்டியில் போட்டிருப்பது வெடித்து வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். வெடிக்காத தோட்டா மடிந்திருப்பதால் நீளம் குறைவு. ஆகவே 70 தோட்டா 65 அறைக்குள் எந்தத் தடையும் இல்லாமல் போய் உட்காரும், துவக்கும் மூடும். சுட்ட உடனே வாய் விரிய இடமில்லாமல் குழல் ஒடுங்குகிற இடத்தில் நெருக்கும், அழுத்தம் ஏறும். போகிறதே என்று போடக் கூடாது. பழைய இங்கிலாந்துத் துவக்கு வைத்திருக்கிற ஒவ்வொருவரும் இன்றைக்கே குழலைக் கழற்றித் தட்டையைப் பார்த்துவிடுங்கள். எனக்கு 65 மில்லிமீட்டர் தோட்டா தேடி வாங்குவது பெரிய தொல்லை. இந்தத் துவக்கின் முதல் குறை இதுதான். தோட்டா எப்படியும் லைசன்ஸைக் காட்டித்தான் வாங்க வேண்டும், அதிலும் இந்த அளவு எல்லா நேரமும் இருக்காது.

தோட்டா பற்றியே இன்னொன்று. இருபது போர் தோட்டாவை எப்போதும் மஞ்சள் நிறத்தில் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. தவறி அதைப் பன்னிரண்டு போர் குழலில் போட்டால் வழுக்கிப் போய் அறைக்கு முன்னால் சிக்கி நிற்கும். பின்னால் இருந்து பார்த்தால் அறை காலியாகத் தெரியும். ஆள் பன்னிரண்டு தோட்டா ஒன்றைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், இடது கை போகும். மச்சினனிடம் இதைத்தான் முதலில் சொன்னேன். வீட்டில் இரண்டு போரும் இருந்தால் இரண்டையும் ஒரே பையில் கொண்டு போகாதே.

எந்தப் போர் வாங்குவது? பன்னிரண்டு போர் என்றால் ஒரு இறாத்தல் ஈயத்தில் பன்னிரண்டு உருண்டை செய்தால் ஒரு உருண்டை குழலுக்குச் சரியாக இருக்கும், இருபது என்றால் இருபது உருண்டை. எண் கூடினால் வாய் சிறிது. புறாவுக்கு இருபது போர் போதும். இலகுவானது, நாள் முழுக்கக் கையில் வைத்திருக்கலாம். ஆனாலும் பழகுகிற ஆளுக்கு நான் பன்னிரண்டு போரையும் 28 கிராம் குண்டு உள்ள தோட்டாவையும்தான் சொல்வேன். எடை கூடிய துவக்கு பறவையோடு ஓட்டும்போது நடுவில் நிற்காது, தோளிலும் குறைவாக இடிக்கும். குண்டின் எடையைப் போல் 96 மடங்கு துவக்கின் எடை இருக்க வேண்டும் என்பது இங்கிலாந்துத் துவக்குக்காரர்களின் பழைய கணக்கு. 28 கிராமுக்கு ஏறக்குறைய 2.7 கிலோ வரும். என் துவக்கு அதற்கு மேலே இருப்பதால் நாள் பூராச் சுட்டாலும் தோள் கன்றுவதில்லை. டெக்சாஸில் வாயுவால் இயங்குகிற தானியங்கித் துவக்கு நிறையக் கிடைக்கும். 1963இல் வந்த ரெமிங்டன் 1100 அந்த வகையில் பேர் பெற்றது. வாயுவின் ஒரு பங்கு இயந்திரத்தைத் தள்ளப் போவதால் உதை நீண்டு மெதுவாக வரும். தோள் மெலிந்த ஆளுக்கு அது நல்ல தெரிவு. மேலும் கீழுமாகக் குழல் உள்ள துவக்கும் நல்லதுதான், கண்ணுக்கு முன் ஒரே குழல்தான் தெரியும். எதை எடுத்தாலும் அடுத்துச் சொல்லப் போகிற விஷயத்தில் தேறாவிட்டால் பணம் வீண்.

துரை ஆறடி ஆள். விசையிலிருந்து பிடங்கின் முடிவு வரை பதினான்கே முக்கால் அங்குலம். நம்மில் முக்கால்வாசிப் பேர் அவ்வளவு உயரமில்லை. எனக்கு அது நீளம், தோளில் ஏற்றும்போது ஜேர்சியில் மாட்டும். குளிர்காலத்தில் மலைநாட்டு ஆள் ஒரு ஜேர்சியும் அதன் மேல் ஒரு கோட்டும் போட்டிருப்பான், அந்தத் தடிப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். துவக்கு வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்து பதினான்கு அங்குலத்துக்குக் குறைத்தேன். வெட்டிய துண்டை அவர் திருப்பிக் கொடுத்தார், அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நல்ல வேலைக்காரன் வெட்டின துண்டைக் கொடுப்பான், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. பிடங்கை முழங்கை மடிப்பில் வைத்து, விரல் விசையைத் தொட்டால் 'அளவு சரி' என்பார்கள். அந்தச் சோதனை கையின் நீளத்தை மட்டும் பார்க்கிறது. கழுத்து நீளம், தோள் அகலம், கன்னத்து எலும்பு இவை எல்லாம் எங்கே போயின? நான் நம்புகிற சோதனை இது. காலித் துவக்கு, இரண்டு அறையையும் கண்ணால் பார்த்து விரலாலும் தடவிப் பார்த்தாயிற்று. சுவரில் ஒரு புள்ளியைப் பாருங்கள். கண்ணை மூடுங்கள். துவக்கைத் தோளில் ஏற்றிக் கன்னத்தை வையுங்கள். இப்போது கண்ணைத் திறந்தால் குழல் நுனியில் உள்ள சிறு மணி அந்தப் புள்ளியின் மேலேயே இருக்க வேண்டும், குழலின் முதுகு ஒரு மெல்லிய கோடாகத் தெரிய வேண்டும். குழல் முழுக்கத் தெரிந்தால் கட்டை உயரம். பின்பக்கப் பூட்டு மட்டும் தெரிந்து மணி மறைந்தால் கட்டை பள்ளம். மணி ஒரு பக்கமாக விலகினால் கட்டையின் வளைவு உங்களுக்கு ஒத்துவரவில்லை.

என் துவக்கின் கட்டை பள்ளம். இதை உறுதிப்படுத்தியது பழைய தேயிலைப் பெட்டி. இப்போது தேயிலை கடதாசிச் சாக்கில்தான் போகிறது, ஆனாலும் ஸ்டோரின் மூலையில் பழைய பலகைப் பெட்டிகள் சில கிடந்தன. அவற்றின் பலகைகளைச் சேர்த்து அடித்து, மேலே வெள்ளைக் கடதாசி ஒட்டி மைதானத்துக்குக் கொண்டு போனேன். நடுவில் கரியால் ஒரு வட்டம். 16 யார் தூரத்தில் நின்று, குறி வைக்காமல், வட்டத்தைப் பார்த்தபடி துவக்கை ஏற்றிய கையோடு சுட வேண்டும். சில தோட்டாக்கள் ஒரே கடதாசியில் போன பிறகு கிட்டப் போய்ப் பார்த்தால் குண்டுகள் எங்கே கூட்டமாக விழுந்திருக்கின்றன என்பது தெரியும். என் கூட்டம் வட்டத்துக்கு ஒரு சாண் கீழே இருந்தது. பக்கவாட்டில் பிசகே இல்லை, துரையும் வலது கைக்காரர்தான்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. கன்னம் படுகிற இடம் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு உயர்ந்தால், 16 யாரில் குண்டு ஓர் அங்குலம் உயரும். நான் கட்டையின் மேல் துணி பிளாஸ்டரை ஒவ்வொரு அடுக்காக ஒட்டி, ஒவ்வொரு முறையும் புதுக் கடதாசியில் சுட்டுப் பார்த்தேன். அடுக்கு கூடக் கூடக் கூட்டம் மேலே ஏறி வந்தது. வட்டத்தைத் தொட்டு, கொஞ்சம் மேலேயே நின்ற இடத்தில் நிறுத்தினேன். பறக்கிற தட்டு பெரும்பாலும் ஏறிக்கொண்டிருக்கும், ஆகவே குண்டு சற்று மேலே போவது நமக்கு உதவி. இப்போது பிளாஸ்டருக்குப் பதில் தோலில் ஒரு பட்டை தைத்துப் போட்டிருக்கிறேன். பார்க்க அவ்வளவு அழகில்லை. ஆனால் இந்தத் துவக்கை எனக்குச் சொந்தமாக்கியது லைசன்ஸ் புத்தகத்தை விட அந்தத் தோல் பட்டைதான்.

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு கையையும் நீட்டி, விரல்களால் ஒரு சிறு முக்கோணம் செய்து, தூரத்தில் உள்ள ஒரு மின்கம்பத்தை அதற்குள் பாருங்கள். ஒரு கண்ணை மூடுங்கள். கம்பம் நின்ற இடத்தில் நின்றால் திறந்திருக்கிற கண்தான் உங்கள் ஆளுங்கண். வலது தோளில் சுடுகிறவருக்கு இடது கண் ஆளுகிறதென்றால், எந்த விலை கொடுத்து எந்தத் துவக்கை வாங்கினாலும் குண்டு இடது பக்கம்தான் போகும். கண்ணாடியில் இடது கண்ணுக்கு நேரே ஒரு சிறு துண்டு மங்கல் டேப் ஒட்டிக்கொள்ளலாம். மச்சினனுக்கு இதுதான் நோய் என்று எனக்குச் சந்தேகம். சோதித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கண்ணாடி எப்படியும் போடத்தான் வேண்டும், உடைந்த தட்டின் சில்லு முகத்துக்கு வரும். காதுக்கும் அடைப்பு வேண்டும். தேயிலை உருட்டுகிற ரோலர் இரைச்சலில் வேலை செய்து காது மந்தமான எத்தனையோ பேரை ஸ்டோரில் பார்த்துவிட்டேன், போன காது திரும்பி வராது.

சோக்கில் ஆட்கள் செய்கிற ஆராய்ச்சி தேவையில்லாதது. 40 யாரில் 30 அங்குல வட்டத்துக்குள் எத்தனை சதவீதக் குண்டு விழுகிறது என்பதுதான் சோக்கின் அளவு. முழுச் சோக்கில் ஏறக்குறைய 70, அரைச் சோக்கில் 60, கால் சோக்கில் 55. புறாவைப் பெரும்பாலும் 20 முதல் 30 யாரில்தான் சுடுகிறார்கள். அங்கே கால் சோக்கு போதும், பரவல் அகலமாக இருக்கும். என் இடது குழலின் முக்கால் சோக் கிட்டத்துத் தட்டுக்கு இறுக்கம்தான். தூரத்துக்கு ஓடிப்போன தட்டுக்கு அதுவே கை கொடுக்கும். இரண்டு விசையின் அருமை இங்கே தெரியும். கிட்டம் என்றால் முன்விசை, தூரம் என்றால் பின்விசை, குழலை மாற்றுகிற பொத்தான் தேட வேண்டியதில்லை. குண்டின் பருமனைச் சொல்கிற எண்ணில் மட்டும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் ஏழரை என்பது இங்கிலாந்தில் ஏழு, ஏறக்குறைய 2.4 மில்லிமீட்டர். மச்சினனுக்கு அங்குள்ள ஏழரை அல்லது எட்டு சரி.

இனி குறி. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பங்களா வாச்சராக இருந்த ஒரு பெரியவர். இளவயதில் துரைமாருக்குத் துவக்குச் சுமந்தவர், தோட்டா நிரப்பிக் கொடுத்தவர். இப்போது லயத்து வரிசை வீட்டில் மகளோடு இருக்கிறார். மைதானத்துக்குப் போகிற நாட்களில் வேனில் அவரையும் ஏற்றிக்கொள்வேன். அவர் சுடுவதில்லை. என் வலது தோளுக்குப் பின்னால், குழல் போகிற திசையிலேயே கண்ணை வைத்து நிற்பார். வெளிச்சம் சரியாக இருந்தால் குண்டுக் கூட்டம் ஒரு மெல்லிய நிழலாகப் பறப்பது பின்னால் நிற்பவருக்குத் தெரியும். சுடுகிறவனுக்குத் தெரியாது. ஒவ்வொரு தவறிய தட்டுக்கும் அவரிடம் ஒரு தீர்ப்பு உண்டு. "பின்னால, ஒரு முழம்." "பின்னால, ரெண்டு முழம்." "மேல. தலையத் தூக்கிட்டீங்க ஐயா."

அநேகமாக எல்லாமே பின்னால்தான். காரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குறுக்கே மணிக்கு 65 கிலோமீட்டரில் போகிற ஒரு தட்டு ஒரு செக்கனில் 18 மீட்டர் போகிறது. 30 மீட்டர் தூரம் போக ஈயக் குண்டுக்கு ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு பிடிக்கும். அதற்குள் தட்டு 1.8 மீட்டர் முன்னால் போய்விடும். ஆள் உயரத்துக்கு முன்னால் விட்டுச் சுட வேண்டும் என்றால் நம்புவது கடினம், ஆனால் கணக்கு அதுதான். டெக்சாஸ் புறா வேகம் பிடித்தால் மணிக்கு 88 கிலோமீட்டர் வரை போகும், காற்று பின்னால் இருந்தால் அதற்கும் மேலே. ஒரு பறவைக்கு ஐந்தாறு தோட்டா செலவாகிறது என்று அங்குள்ளவர்களே சொல்கிறார்களாம்.

அந்த இடைவெளியைக் கண்ணால் அளக்கப் போனால் கெட்டது. அளக்கும்போது கண் தட்டை விட்டுக் குழலின் நுனிக்கு வரும், வந்த உடனே கை நிற்கும், கை நின்றால் குண்டு பின்னால். பெரியவர் இதை வேறு மாதிரிச் சொல்லிக் கொடுத்தார். "துவக்கப் பாக்காதீங்க ஐயா. தட்டப் பாருங்க. தட்டோட முன் விளிம்பப் பாருங்க. பின்னாலருந்து வந்து, தொட்டுக்கிட்டு, தாண்டிப் போங்க. தாண்டுன உடனே அழுத்துங்க, அழுத்துன பொறகும் போய்க்கிட்டே இருங்க." மலையில் கொழுந்து எடுக்கிற பெண்கள் தங்கள் விரலைப் பார்ப்பதில்லை, கொழுந்தைத்தான் பார்க்கிறார்கள், விரல் தானாகப் போய்ச் சேர்கிறது. துவக்கும் அப்படித்தான் போய்ச் சேர வேண்டும். பின்னாலிருந்து தட்டைப் பிடிக்க வருகிற குழல் தட்டை விட வேகமாகப் போய்க்கொண்டிருக்கும், ஆகவே தாண்டின உடனே அழுத்தினால் இடைவெளி தன்னாலேயே உண்டாகும். அழுத்திய பிறகும் குழலை ஓட விடுவதுதான் முக்கால்வாசி வித்தை.

காலும் முக்கியம். தட்டு வெளியே வருகிற இடத்தைப் பார்த்துக் காலை வைக்கக் கூடாது, எங்கே உடைக்கப் போகிறோமோ அந்த இடத்தைப் பார்த்து முன்காலை வைக்க வேண்டும். அப்புறம் இடுப்பைத் திருப்பித் துவக்கோடு பின்னுக்கு வந்து தட்டை எடுத்துக்கொள்ளலாம். காலை மாற்றி வைத்தால் சுற்றிப் போகும்போது இடுப்பு இறுகி, கை நின்றுவிடும். எடை முன்காலில். இடது கையின் சுட்டுவிரலைக் குழலுக்கு அடியில் நீட்டி வைத்தால், விரல் காட்டுகிற இடத்துக்குக் குழல் போகும்.

மலைநாட்டில் இருக்கிற ஆளுக்கு மைதானம் தூரம், தோட்டா அருமை. ஆகவே பழக்கத்தின் பெரும்பகுதி வீட்டில்தான் நடக்க வேண்டும், நடக்கவும் முடியும். இரண்டு பெற்றரி போடுகிற ஒல்லியான டோர்ச் ஒன்று பன்னிரண்டு போர் குழலின் வாய்க்குள் ஏறக்குறையச் சரியாக உட்காரும். கொஞ்சம் டேப் சுற்றிக்கொள்ளலாம். துவக்கு காலி, தோட்டாக்கள் வேறு அறையில் பூட்டிய பெட்டியில், அறையில் வேறு யாரும் இல்லை. விளக்கை அணைத்துவிட்டு, சுவரும் சீலிங்கும் சேர்கிற கோட்டின் ஒரு மூலையில் வெளிச்சப் புள்ளியை வைத்து, அந்தக் கோட்டிலேயே மறு மூலை வரை ஓட்டியபடி துவக்கைத் தோளில் ஏற்ற வேண்டும். ஏற்றும்போது புள்ளி கோட்டை விட்டுக் குதித்தால், பின்கை முந்திக்கொண்டது என்று அர்த்தம். முன்கை வழிகாட்ட வேண்டும், பிடங்கு கன்னத்துக்கு வந்த பிறகுதான் தோளைச் சேர வேண்டும். கன்னம் துவக்கைத் தேடிக் குனியக் கூடாது. தினமும் சாப்பாட்டுக்கு முன் கொஞ்ச நேரம் போதும். மாதக் கடைசியில் மைதானத்துக்குப் போகும்போது வித்தியாசம் தெரியும். விசையை அழுத்திப் பழகுவதென்றால் போலித் தோட்டா போட்டுக்கொள்ளுங்கள், வெறும் அறையில் அழுத்தினால் ஊசி உடையும்.

இந்தத் துவக்கின் இரண்டாவது குறை மரத்தில். பூட்டோடு கட்டை சேர்கிற இடத்தில் மரம் கறுத்து மென்மையாகி, ஒரு மயிரிழை வெடிப்பும் இருந்தது. பல வருடம் எண்ணெயை அள்ளி ஊற்றி, வாய் மேலே பார்க்க நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எண்ணெய் எல்லாம் கீழே இறங்கி மரத்துக்குள் போயிருக்கிறது. வெண்கட்டிப் பொடியைக் குழைத்துப் பூசி, இளஞ்சூட்டில் வைத்து, பொடி எண்ணெயை உறிஞ்சிக் கறுக்கக் கறுக்க மாற்றி மாற்றிப் பூசித்தான் காப்பாற்ற முடிந்தது. ஆகவே துடைத்த துவக்கை முதல் இரவு வாய் கீழே பார்க்க ஒரு துணி மேல் நிறுத்துங்கள்.

ஈரம் எங்கள் பெரிய எதிரி. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் தென்மேல் பருவத்தில் பெய்கிற மழையைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சுவரே வியர்க்கும். முடிந்த தேயிலையில் மூன்று சதவீத ஈரம் என்று கணக்குப் பார்க்கிற தொழிலில் இருப்பதால் எனக்கு இதில் பொறுமை கிடையாது. தோல் உறைக்குள் துவக்கை வைத்துப் பூட்டுவது மிகத் தவறான வழக்கம், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், நீலப் பூச்சின் மேல் செம்புள்ளி விழும். நான் உறையைத் தனியாகத் தொங்கவிட்டு, துவக்கை இரும்பு அலுமாரியில் காற்றுப் படுகிற மாதிரி நிறுத்தி, மழை மாதங்களில் வாரா வாரம் எண்ணெய்த் துணியால் ஒரு தடவல் போடுகிறேன். விரல் ரேகை பட்ட இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். சுட்ட பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் சாப்பிடாதீர்கள், ஈயம் நஞ்சு. தரையில் கிடக்கிற ஈயக் குண்டைத் தானியமென்றோ கல்லென்றோ விழுங்கிச் சாகிற புறாக்களும் உண்டு. அதனாலும் தோட்டத்துக்குள் இதைச் சுடுவதற்கு நான் எதிரானவன், மைதானம் மைதானமாக இருக்கட்டும்.

யாருக்கு இந்த மாதிரித் துவக்கைச் சொல்வேன்? 65 மில்லிமீட்டர் தோட்டா தேடி அலையப் பொறுமை உள்ளவருக்கு, கட்டையைத் தன் அளவுக்கு மாற்ற நல்ல வேலைக்காரர் கிடைக்கிறவருக்கு, மணிக்கணக்கில் கையில் தூக்கி வைத்திருக்க நல்ல எடைச் சமநிலை வேண்டும் என்று நினைப்பவருக்கு. பிணைச்சலுக்குச் சற்று முன்னால் ஒரு விரலில் வைத்தால் தராசு போல நிற்கும், அந்த அருமை புதுத் துவக்கு பலவற்றில் இல்லை. போட்டிக்கே போகிறவருக்கு இது வேண்டாம், மேலும் கீழுமான குழலும் மாற்றிப் பூட்டுகிற சோக்கும் உள்ள ஒன்றை வாங்கட்டும். மச்சினனுக்கு நான் சொன்னது பன்னிரண்டு போர் தானியங்கி, கால் சோக், 28 கிராம் எட்டாம் எண் தோட்டா. பணம் கொடுக்க முன் கடையிலேயே கண்ணை மூடி ஏற்றிப் பார்க்கச் சொன்னேன். அவருக்கு அளவு பதினாலேகால் அங்குலத்துக்கு மேல் போகாது.

லைசன்ஸ் விஷயத்தில் நாள் தவற விடாதீர்கள். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், டிசம்பர் 31ஆம் திகதியோடு முடியும். நான் ஒக்டோபரிலேயே கடிதங்களைக் கொடுத்துவிடுவேன். நத்தார் லீவுக்குக் கந்தோர்கள் மூடத் தொடங்கிய பிறகு ஓடித் திரிவது வீண் வேலை.